அச்சு வேலைக்கு எந்த எழுத்துருக் கோப்பு? டைப் 1, டிடிஎஃப், ஓடிஎஃப், வேரியபிள்: ஓர் ஒப்பீடு

எழுத்துரு ஒன்றைத் தரவிறக்கிப் பிரித்தால் உள்ளே நான்கு கோப்புறைகள் இருக்கின்றன: ஓடிஎஃப், டிடிஎஃப், வேரியபிள், வெப். பெயர் ஒன்றுதான். திரையில் தட்டச்சு செய்து பார்த்தாலும் வேறுபாடு தெரிவதில்லை. எதை நிறுவுவது? இன்னொரு பக்கம், பல ஆண்டுகளுக்கு முன் வடிவமைத்த நூலை மறுபதிப்புக்காகத் திறந்தால் எழுத்துருவைக் காணவில்லை என்று மென்பொருள் சொல்கிறது. எழுத்துருக் கோப்போ பக்கத்துக் கோப்புறையிலேயே பத்திரமாக இருக்கிறது. பக்க வடிவமைப்பில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இந்த இரண்டு கேள்விகளும்தான்.

"ஓடிஎஃப் தொழில்முறை வேலைக்கு, டிடிஎஃப் அலுவலகக் கடிதத்துக்கு" என்று ஒரே வரியில் பதில் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1990களில் டிடிஎஃப்பை ஒதுக்கக் காரணம் இருந்தது. இன்று அந்தப் பதிலை நம்பினால் பார்க்க வேண்டிய இடத்தை விட்டுவிடுவோம். எழுத்தின் கோடு எந்தக் கணக்கின்படி வரையப்பட்டிருக்கிறது என்பது காகிதத்தில் அநேகமாகத் தெரிவதே இல்லை. கோப்புக்குள் எழுத்துகளை இணைத்து அமைக்கும் விதி அட்டவணைகள் என்னென்ன இருக்கின்றன, பிடிஎஃப்புக்குள் எந்த உருவில் போய்ச் சேருகிறது, இன்னும் பத்து ஆண்டு கழித்துத் திறக்குமா என்பவைதான் வேலையைக் காப்பாற்றுகின்றன அல்லது கெடுக்கின்றன.

## எதை வைத்து எடை போடுவது

அச்சில் விழும் வடிவம். ஆஃப்செட் தகடு அங்குலத்துக்கு 2400 புள்ளிகள் அளவில் தயாராகிறது. அலுவலக லேசர் அச்சுப்பொறி 600 புள்ளிகள். ஒன்றில் பொருட்படுத்த வேண்டாத குறை மற்றொன்றில் கண்ணில் படும்.

எழுத்துகள் சரியாகக் கோக்கப்படுதல். ஆங்கிலத்துக்கு இது அலங்காரம். தமிழுக்கு இதுதான் அடிப்படை. கொம்பு இடம் மாறினால் சொல்லே இல்லை.

பிடிஎஃப் உட்பொதிப்பு. அச்சகங்கள் கேட்கும் பிடிஎஃப்/எக்ஸ் தரங்கள் எல்லா எழுத்துருக்களும் கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும் என்கின்றன. எழுத்துரு உள்ளே போக மறுத்தால் அதன் அழகினால் பயனில்லை.

கணினி விட்டுக் கணினி மாறுதல். மேக்கில் வடிவமைத்து விண்டோஸில் திருத்தும் வேலையில் வரி உடையக் கூடாது.

ஆயுள். மறுபதிப்பு, திருத்திய பதிப்பு, பெரிய எழுத்துப் பதிப்பு என்று நூல் கோப்புகள் திரும்பத் திரும்பத் திறக்கப்படுகின்றன.

உரிமம். உட்பொதிக்கலாமா, வேறு வடிவத்துக்கு மாற்றலாமா, அச்சகத்துக்கு அனுப்பலாமா என்பவை.

இவற்றில் கோத்தல், உட்பொதிப்பு, ஆயுள் மூன்றுக்கும் நான் கூடுதல் எடை தருகிறேன். மற்றவற்றில் வரும் குறையைப் பெரும்பாலும் சரிக்கட்டிவிடலாம். இந்த மூன்றில் வரும் குறை கடைசி நாளில்தான் தெரியும்.

## கோப்பு வடிவம் வேறு, குறியாக்கம் வேறு

ஒப்பீட்டுக்குள் போவதற்கு முன் இந்தக் குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். "டிடிஎஃப் எழுத்துருவில் தமிழ் தேட முடியவில்லை" என்று குறைப்படுபவர்கள் கோப்பு வடிவத்தின் மீது பழியைப் போடுகிறார்கள். குற்றவாளி பெரும்பாலும் குறியாக்கம், அதாவது எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்ற ஏற்பாடு.

பாமினி, டிஸ்கி, டாம், டாப் போன்ற எட்டு பிட் குறியாக்கங்கள் 256 இடங்களுக்குள் தமிழை அடைத்தவை. பாமினி போன்றவற்றில் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கின்றன. பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல்லைப் பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள்: நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வரும். அச்சில் அது குறையற்ற தமிழ். கணினியைப் பொறுத்தவரை அது தமிழே இல்லை. இதே குறியாக்கத்தை டைப் 1 கோப்பிலும் வைக்கலாம், டிடிஎஃப்பிலும் வைக்கலாம், ஓடிஎஃப்பிலும் வைக்கலாம். கோப்பை மாற்றினால் மட்டும் இந்தச் சிக்கல் தீராது. உரையையே யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

கீழே வரும் ஒப்பீடு யூனிகோடு உரையை மனத்தில் வைத்தே செய்யப்படுகிறது. புதிதாக ஒரு நூலை எட்டு பிட் குறியாக்கத்தில் தொடங்குவதற்கு இன்று நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | டைப் 1 | டிடிஎஃப் | ஓடிஎஃப் | வேரியபிள் |
|---|---|---|---|---|
| அறிமுகம் | 1984 | 1991 | 1996 | 2016 |
| வளைகோட்டுக் கணக்கு (எழுத்தின் ஓரத்தை வரையும் சூத்திரம்) | முப்படி | இருபடி | முப்படி | பெரும்பாலும் இருபடி |
| எழுத்து வடிவங்களின் எல்லை | ஒரு நேரத்தில் 256 | 65,535 | 65,535 | 65,535 |
| கோப்புகள் | குறைந்தது இரண்டு | ஒன்று | ஒன்று | பல எடைகளுக்கும் (தடிமன்களுக்கும்) சேர்த்து ஒன்று |
| யூனிகோடு தமிழ் கோத்தல் | இல்லை | அட்டவணை இருந்தால் உண்டு | அட்டவணை இருந்தால் உண்டு | அட்டவணை இருந்தால் உண்டு |
| பிடிஎஃப்புக்குள் | ஏற்கெனவே பதிந்திருந்தால் சிக்கல் இல்லை | சிக்கல் இல்லை | சிக்கல் இல்லை | நிலையான வடிவமாக மாறியே போகும் |
| புதிய வேலைக்கு | வேண்டாம் | ஏற்றது | ஏற்றது | கவனத்தோடு |

## டைப் 1: அருமையான வடிவம், மூடிய கதவு

மேசைப் பதிப்பு என்ற தொழிலே இதன் மேல்தான் எழுந்தது. அச்சுப்பொறிக்குப் பக்கத்தை விவரிக்கும் மொழியான போஸ்ட்ஸ்கிரிப்டுடன் அடோபி 1984இல் கொண்டுவந்த வடிவம் இது. 1985இல் ஆப்பிளின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறியும் பேஜ்மேக்கரும் வந்தபோது வீட்டு மேசையில் வடிவமைத்த பக்கம் அச்சகத் தரத்தில் வெளிவரத் தொடங்கியது. இதன் உள்ளமைப்பை அடோபி 1990 வரை வெளியிடாமல் வைத்திருந்தது.

அச்சில் விழும் வடிவத்தில் இதைக் குறை சொல்ல எதுவுமில்லை. முப்படி வளைகோடு, எந்தத் தண்டு எவ்வளவு தடிமன், எந்தக் கோட்டில் எழுத்துகள் நிற்க வேண்டும் என்ற குறிப்புகள் (ஹின்டிங்) மட்டும் கோப்பில் இருக்கும். அந்தக் குறிப்புகளைப் பார்த்துப் புள்ளிகளை அமைக்கும் பொறுப்பு அச்சுப்பொறியினுடையது. அந்தக் காலத்து அச்சுப்பொறிகளே டைப் 1க்காகச் செய்யப்பட்டவை என்பதால் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

மற்ற எல்லா அளவுகோல்களிலும் இது தோற்கிறது. ஒரு நேரத்தில் 256 வடிவங்களுக்கு மட்டுமே குறியிட முடியும். விண்டோஸில் வளைகோடுகள் ஒரு கோப்பிலும் அகல அளவுகள் இன்னொரு கோப்பிலும் இருக்கும். ஒன்றைத் தொலைத்தால் மற்றொன்று வீண். மேக் கோப்பு விண்டோஸில் ஓடாது. பழைய மேக் எழுத்துருக்களின் தரவு, கோப்போடு ஒட்டிய தனிக் கிளை ஒன்றில் இருந்தது. விண்டோஸ் வட்டில் நகலெடுக்கும்போது அந்தக் கிளை அப்படியே உதிர்ந்துவிடும். பழைய காப்பு வட்டுகளில் 0 கேபி அளவில் கிடக்கும் எழுத்துருக் கோப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அவை இப்படிக் காலியானவைதான்.

ஆயுள் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் 2013லும் லிப்ரெஆபிஸ் 5.3லும் ஆதரவு நின்றது. ஃபோட்டோஷாப்பில் 2021இல் நின்றது. இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டர் உள்ளிட்ட அடோபியின் மற்ற மென்பொருள்களில் 2023 ஜனவரியில் நின்றது. கோப்பு கணினியில் இருந்தும் காணவில்லை என்று மென்பொருள் சொல்வதன் காரணம் இதுவே.

மாற்றிக்கொள்ளலாமே என்றால், மறைந்திருக்கும் செலவு அங்கேதான் இருக்கிறது. அதே எழுத்துருவின் ஓடிஎஃப் பதிப்பை வாங்கினாலும் பெயர் சற்றே மாறியிருக்கும். அடோபியின் சொந்த எழுத்துருக்களே 'ஸ்டாண்டர்டு', 'புரோ' என்ற பின்னொட்டுகளோடு வந்தன. மென்பொருளுக்கு அது வேறு எழுத்துரு. எழுத்து இணைகளின் இடைவெளி அளவுகளும் திருத்தப்பட்டிருக்கலாம். ஒரு வரியில் ஒரு சொல் கீழே இறங்கினால் போதும், பத்தி ஒரு வரி நீளும். அத்தியாயம் ஒரு பக்கம் நீளும். பொருளடக்கமும் சொல்லடைவும் பொய்யாகும். மறுபதிப்பு என்று நினைத்துக் குறைந்த கட்டணம் பேசியவர், முழு நூலையும் மெய்ப்புப் பார்க்க வேண்டிய நிலைக்கு வருவார். நீங்களே மென்பொருள் கொண்டு மாற்றுவதைச் சில உரிமங்கள் தடை செய்கின்றன. படித்துப் பார்க்காமல் மாற்ற வேண்டாம்.

இது இன்னும் சரியான தேர்வாகும் ஒரே இடம்: டைப் 1 ஏற்கெனவே உட்பொதிந்த பிடிஎஃப் கையில் இருந்து, ஓர் எழுத்தும் மாறாமல் மறுபடி அச்சிட வேண்டும் என்றால் அந்தப் பிடிஎஃப்பையே அனுப்புங்கள். உட்பொதிந்த டைப் 1 இன்றும் குறையில்லாமல் அச்சாகிறது. பழைய கோப்பைத் திறந்து 'புதுப்பிக்க' முயல்வதுதான் ஆபத்து.

## டிடிஎஃப்: பழைய பழி, புதிய உண்மை

டிடிஎஃப் என்பது ட்ரூடைப் வடிவத்தின் கோப்பு. ட்ரூடைப்பை உருவாக்கியது ஆப்பிள். 1991இல் மேக்கின் சிஸ்டம் 7லும், 1992இல் விண்டோஸ் 3.1லும் வந்தது. அடோபியின் பிடியிலிருந்து விலக விரும்பியதன் விளைவு அது. ஆனால் அச்சகங்களில் பக்கத்தை அச்சுப் புள்ளிகளாக மாற்றும் ரிப் கருவிகள் போஸ்ட்ஸ்கிரிப்ட் மட்டும் அறிந்தவை. ட்ரூடைப் எழுத்து வந்தால் அதை மாற்றி எடுக்கும்போது சில நேரம் தடுமாறின. வேறு எழுத்துருவில் அச்சாவதும் உண்டு. 'டிடிஎஃப் அச்சுக்கு ஆகாது' என்ற எச்சரிக்கை அப்போது பிறந்தது. 1997இல் வந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் 3 ட்ரூடைப்பை நேரடியாகப் புரிந்துகொண்டது. இன்றைய பிடிஎஃப் வழி வேலையில் அந்த எச்சரிக்கைக்கு இடமில்லை.

இருபடி வளைகோடு அச்சில் தரம் குறைந்ததா? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு வட்டத்தை முப்படிக் கணக்கில் நான்கு துண்டுகளால் வரையலாம். இருபடியில் எட்டு துண்டுகளாவது தேவைப்படும். இருபடிக் கோட்டை முப்படியாகத் துல்லியமாக மாற்றி எழுத முடியும். முப்படியை இருபடியாக்கும்போது தோராயம்தான் கிடைக்கும். வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் முப்படியில் வரைவதால், ஓடிஎஃப்பில் இருப்பது அவர்கள் வரைந்த கோடு, டிடிஎஃப்பில் இருப்பது அதன் மிக நெருங்கிய தோராயம்.

எவ்வளவு நெருக்கம்? எழுத்தின் உயரச் சட்டகத்தை 1000 அலகாகப் பிரித்தால், 10 பாயின்ட் அளவு எழுத்தில் ஓர் அலகு என்பது சுமார் 3.5 மைக்ரான். 2400 புள்ளித் தகட்டில் ஒரு புள்ளியே 10.6 மைக்ரான். தோராயத்தில் ஓர் அலகு பிசகினாலும் தகட்டின் ஒரு புள்ளியில் மூன்றில் ஒரு பங்குதான் அது. காகிதத்தில் மை பரவும் அளவுக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. ஓர் எழுத்தே ஓர் ஆள் உயரத்துக்கு வரும் பதாகைகளில் மட்டும் மூலக் கோடு வேண்டும் என்று கேட்பதில் பொருள் உண்டு.

ட்ரூடைப்பின் ஹின்டிங் வேறு வகை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சிறு நிரலே கோப்புக்குள் இருக்கும். திரையில் சிறிய அளவில் எழுத்து கூர்மையாகத் தெரிய அது உதவியது. தகட்டில் அதற்கு வேலை மிகக் குறைவு.

உண்மையான செலவுகள் வேறு. இலவசமாகக் கிடைக்கும் டிடிஎஃப் கோப்புகளில் பல, தானியங்கி மாற்றியில் போட்டு எடுத்தவை. கோடுகளில் தேவையற்ற புள்ளிகள், சரியாக மூடாத வளைவுகள், இடைவெளி அட்டவணை இல்லாமை எல்லாம் அவற்றில் சாதாரணம். சாதாரண எடை மட்டும் கொண்ட ஒரு டிடிஎஃப்பை நிறுவி, சொற்செயலியில் தடித்த எழுத்துப் பொத்தானை அழுத்தினால், மென்பொருள் கோட்டைச் சுற்றிப் பூசித் தடிமனாக்கிக் காட்டும். 'ஞ', 'ஸ்ரீ' போன்ற நெருக்கமான வடிவங்களில் உள்வெளி அடைத்துக்கொள்வதை அச்சில் பார்க்கலாம். உண்மையான தடித்த எழுத்துக் கோப்பு இருக்கிறதா என்று நிறுவும்போதே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று: இன்று '.டிடிஎஃப்' என்று முடியும் கோப்புகளில் பெரும்பாலானவை, அடுத்த பகுதியில் வரும் ஓப்பன்டைப் என்ற பொதுத் தரத்தின் கோப்புகளே. உள்ளே இருபடிக் கோடும் ஓப்பன்டைப் அட்டவணைகளும் சேர்ந்திருக்கும். தமிழை எடுத்துக்கொண்டால் நோட்டோ செரிஃப் தமிழ் போன்றவை இந்த உருவில் கிடைக்கின்றன. பின்னொட்டை மட்டும் பார்த்து ஒதுக்கினால் நல்ல எழுத்துருக்களை இழப்போம்.

இது நல்ல தேர்வாகும் இடம்: நூலின் ஒரு பகுதி வேர்டிலும் ஒரு பகுதி பக்க வடிவமைப்பு மென்பொருளிலும் நடக்கும்போது, அலுவலகக் கோப்புக்குள்ளேயே எழுத்துருவைப் பதித்து அனுப்ப வேண்டும்போது, திரை, லேசர் அச்சு, ஆஃப்செட் மூன்றிலும் ஒரே கோப்பு ஓட வேண்டும்போது.

## ஓடிஎஃப்: அட்டவணைகளே இதன் பலம்

மைக்ரோசாஃப்டும் அடோபியும் 1996இல் ஓப்பன்டைப்பை அறிவித்தன. வளைகோட்டுப் போட்டியை அது ஒரு சமரசத்தில் முடித்துவைத்தது: இருபடி வேண்டுமென்றால் இருபடி, முப்படி வேண்டுமென்றால் சிஎஃப்எஃப் என்ற கச்சிதமான முப்படி வடிவம், சுற்றிலும் ஒரே கூடு. 2007இல் இது ஐஎஸ்ஓ தரமும் ஆனது. முப்படிக் கோடு கொண்ட கோப்புகள் வழக்கமாக '.ஓடிஎஃப்' என்று முடிகின்றன. கோப்பின் அளவு பொதுவாக டிடிஎஃப்பைவிடச் சிறியது.

கூட்டுக்குள் இருக்கும் இரண்டு அட்டவணைகள்தான் நமக்கு முக்கியம். ஒன்று எழுத்து வடிவங்களை மாற்றி வைக்கிறது. மற்றொன்று அவற்றை நகர்த்தி உட்கார வைக்கிறது. 'கொடு' என்ற சொல்லைப் பாருங்கள். உரையில் க, அதற்குப் பின் ஒகரக் குறி, ட, உகரக் குறி என்று நான்கு குறிகள்தான் இருக்கின்றன. பக்கத்தில் விழ வேண்டியதோ கொம்பு, க, கால், பிறகு 'டு' என்ற ஒற்றை வடிவம். ஒகரக் குறியை இரண்டாகப் பிரித்துக் கொம்பை முன்னால் கொண்டுபோவது மென்பொருளின் எழுத்துக்கோப்பு இயந்திரம். ட, உகரம் இரண்டையும் பார்த்து 'டு' வடிவத்தை எடுத்துக் கொடுப்பது எழுத்துருவின் அட்டவணை. 18 மெய்களுக்கும் உகரம், ஊகாரம் என்று 36 வடிவங்கள் இப்படி வந்தாக வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் பக்கம் கெட்டுவிடும்.

ஆகவே நல்ல ஓடிஎஃப்பை நிறுவிவிட்டால் போதும் என்று நினைக்க முடியாது. இன்டிசைனில் தமிழ் கோக்கும் திறன் இருக்கிறது, ஆனால் பத்தி அமைப்பில் 'வேர்ல்டு ரெடி' கம்போசரை (வரிகளை அமைக்கும் முறையை)த் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். வழக்கமான கம்போசர் இருந்தால் கொம்பும் காலும் க-வுக்குப் பின்னால் சிதறிக் கிடக்கும். எழுத்துருவின் மீது வரும் புகார்களில் கணிசமானவை இந்த ஓர் அமைப்பினால் வருபவை. எழுத்துருவை மாற்றிக்கொண்டே போவதற்கு முன் இதைச் சரிபாருங்கள். ஸ்கிரைபஸ் 1.6, ஸீடெக் போன்ற பக்க அமைப்பு மென்பொருள்கள் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக்கோப்பு இயந்திரத்தைப் பயன்படுத்துவதால் நேரடியாகவே கோத்துவிடுகின்றன.

மேக்கில் இன்னொரு கண்ணி உண்டு. ஆப்பிளின் சொந்த எழுத்துக்கோப்பு முறையான ஏஏடியின் அட்டவணை மட்டும் கொண்ட எழுத்துருக்கள் மேக்கின் சொந்த மென்பொருள்களில் அழகாகக் கோக்கப்படும், இன்டிசைனில் உடையும். எழுத்துரு நல்லது, மென்பொருளும் நல்லது. இரண்டுக்கும் பொது மொழி இல்லை, அவ்வளவுதான்.

செலவு என்று பார்த்தால், வேர்டு கோப்புக்குள் பதிக்கும்போது சிஎஃப்எஃப் எழுத்துருக்கள் மறுக்கப்படலாம். பழைய அலுவலக மென்பொருள்களில் அச்சிடும்போதும் தொல்லை வரும். நூல் வடிவமைப்பு மென்பொருளில் இந்தத் தொல்லைகள் இல்லை.

இது நல்ல தேர்வாகும் இடம்: தொடக்கம் முதல் பிடிஎஃப் வரை தொழில்முறை மென்பொருளில் நடக்கும் நூல், இதழ், அட்டை வேலைகள், பெரிய அளவில் எழுத்து வரும் பதாகைகள், ஆங்கிலமும் தமிழும் கலந்து வரும் ஆய்வு நூல்கள்.

ஒரே எழுத்துருவின் ஓடிஎஃப், டிடிஎஃப் இரண்டையும் மட்டும் ஒரே கணினியில் நிறுவாதீர்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் மென்பொருள் எதை எடுக்கிறது என்பது உறுதியில்லை. உங்கள் கணினியில் ஒன்றும் அடுத்தவர் கணினியில் மற்றொன்றும் எடுக்கப்பட்டால், அகல அளவுகள் இம்மியளவு மாறியிருந்தாலும் வரி உடைந்துவிடும். ஒரு நூலுக்கு ஒரு வடிவம், குடும்பம் முழுவதும் அதே வடிவம்.

## வேரியபிள்: வடிவமைக்கும்போது வரம், அனுப்பும்போது கவனம்

2016 செப்டம்பரில் அடோபி, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் நான்கும் சேர்ந்து அறிவித்த விரிவு இது. எடை, அகலம், சாய்வு, ஒளியியல் அளவு (எழுத்தின் அளவுக்கேற்ப வடிவம் மாறுதல்) என்று அச்சுகள், அதாவது ஏற்றி இறக்கக்கூடிய அளவுக்கோடுகள், இருக்கும். அவற்றின் மீது நீங்கள் எந்த இடத்திலும் நிற்கலாம். 1991இலேயே அடோபி 'மல்டிபிள் மாஸ்டர்' என்று இதே ஆசையோடு ஒன்றைச் செய்து பிறகு கைவிட்டது. இந்த முறை எல்லாப் பெரிய நிறுவனங்களும் ஒரே தரத்தில் நிற்கின்றன.

அச்சுக்காரருக்கு இதில் உண்மையாகவே மகிழ ஒரு காரணம் இருக்கிறது. மை உறிஞ்சும் காகிதத்தில் எழுத்து தடிக்கும். வழவழப்பான காகிதத்தில் அதே எழுத்து மெலிந்து தெரியும். நிலையான எழுத்துருவில் சாதாரணம் 400, அதற்குக் கீழே மெல்லியது 300 என்ற இரண்டுக்கும் நடுவே எதுவும் இல்லை. வேரியபிளில் செய்தித்தாள் காகிதத்துக்கு 380, ஆர்ட் காகிதத்துக்கு 415 என்று வைத்து, இரண்டு பதிப்பும் படிப்பவர் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும்படி செய்யலாம். நீண்ட தமிழ்ச் சொற்கள் தலைப்பில் இடம் போதாமல் திணறும்போது, எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்காமல் அகல அச்சில் இரண்டு மூன்று அலகு குறைத்துக்கொள்ளலாம். நசுக்கினால் செங்குத்துக் கோடுகள் மெலியும். அகல அச்சில் குறைத்தால் கோட்டின் தடிமன் அப்படியே நிற்கும்.

பிறகு வருவது கவனம். பிடிஎஃப் தரத்துக்கு வேரியபிள் எழுத்துரு என்ற ஒன்று தெரியாது. ஏற்றுமதி செய்யும் மென்பொருள்தான் நீங்கள் நின்ற இடத்தை நிலையான வடிவமாக்கி உள்ளே வைக்க வேண்டும். இன்டிசைன் 2020 பதிப்பு முதல் இதைச் செய்கிறது. சில மென்பொருள்கள் டைப் 3 என்ற வெறும் வரைபட வடிவமாக வைத்துவிடுகின்றன. அதில் ஹின்டிங் கிடையாது, தாழ்ந்த தெளிவுள்ள அச்சுப்பொறியில் எழுத்து மங்கும். வேரியபிள் எழுத்துருக்களில் கோடுகள் ஒன்றன் மீது ஒன்று ஏறியிருப்பதும் வழக்கம். சாதாரண உரையில் தெரியாது. எழுத்துக்கு ஓரக்கோடு போட்டாலோ கர்வ்ஸ் (வெறும் வரைகோடு) ஆக்கினாலோ உள்ளே குறுக்குக் கோடுகள் வெளிப்பட்டுவிடும்.

ஃபான்ட்டூல்ஸ் என்ற திறமூலக் கருவியைக் கொண்டு தேவையான எடைகளை நிலையான கோப்புகளாக வெட்டி எடுக்கலாம். வடிவமைப்பு முடிவான பிறகு அப்படி எடுத்து, நூல் கோப்பில் அவற்றையே பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்கிறேன். உரிமம் மாற்றத்துக்கு இடம் தருகிறதா என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். சில் ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் வருபவை இடம் தருகின்றன.

இது நல்ல தேர்வாகும் இடம்: பல காகிதங்களில் அச்சாகும் தொடர் வெளியீடு, தலைப்புகள் நிறைந்த இதழ், எடைகளை முடிவு செய்யாத தொடக்கக் கட்ட வடிவமைப்பு.

## கர்வ்ஸ் ஆக்கி அனுப்பிவிடலாமே?

எழுத்துருத் தொல்லையே வேண்டாம் என்று எல்லா உரையையும் கோடுகளாக மாற்றி அனுப்புபவர்கள் உண்டு. சின்னம், அட்டைத் தலைப்பு, ஒட்டுத்தாள் வெட்டும் வேலைகளுக்கு அது சரியே. நூல் உரைக்கு நான் அதைக் கடுமையாக எதிர்க்கிறேன்.

எழுத்தை எழுத்தாக வரையும்போது ஒரு விதியையும், வரைபடமாக நிரப்பும்போது வேறு விதியையும் ரிப் பின்பற்றுகிறது. வரைபடத்தில் கோடு தொட்ட புள்ளியெல்லாம் நிரம்பும். அதனால் கர்வ்ஸ் ஆக்கிய உரை சற்றே தடித்து விழும். 600 புள்ளி லேசர் அச்சில் கண்ணுக்கே தெரியும். ஹின்டிங் போய்விடும். கோப்பு பெருக்கும். தேடவும் முடியாது, கடைசி நேரத்தில் ஒரு புள்ளியைத் திருத்தவும் முடியாது. உட்பொதிப்பு ஒழுங்காக நடந்திருந்தால் இத்தனை இழப்புக்கும் தேவையே இல்லை.

வெப் கோப்புறையில் உள்ள வோஃப், வோஃப் 2 இரண்டும் உலாவிக்காகச் சுருக்கப்பட்டவை. அச்சு வேலைக்கு அவை தேவையில்லை.

## உரிமம் எங்கே மாட்டிவைக்கும்

ஒவ்வோர் ஓப்பன்டைப், ட்ரூடைப் கோப்புக்குள்ளும் உட்பொதிப்பு அனுமதியைச் சொல்லும் ஓர் எண் இருக்கிறது. 0 என்றால் தடையில்லை. 2 என்றால் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் பதிக்கக் கூடாது. 4 என்றால் பார்க்கவும் அச்சிடவும் பதிக்கலாம். 8 என்றால் திருத்தும் கோப்பிலும் பதிக்கலாம். 2 உள்ள எழுத்துருவில் முந்நூறு பக்கம் வடிவமைத்துவிட்டு, பிடிஎஃப் ஏற்றுமதியில் மறுப்பு வரும்போது அறிந்துகொள்வது கொடுமை. எழுத்துருவைத் தேர்ந்த உடனே ஒரு பக்கம் அடித்துப் பிடிஎஃப் எடுத்துப் பாருங்கள்.

சந்தாவில் வரும் எழுத்துருக்களுக்கு வேறு கணக்கு. அடோபி ஃபான்ட்ஸ் சேவையின் எழுத்துருக்கள் இன்டிசைனில் பேக்கேஜ் செய்யும்போது (நூல் கோப்பையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒரே இடத்தில் திரட்டும்போது) கோப்புறைக்குள் வருவதில்லை. சந்தா நின்ற பிறகு அந்த நூலைத் திருத்த வேண்டியிருந்தால் மறுபடி சந்தா கட்ட வேண்டும் அல்லது எழுத்துருவைத் தனியாக வாங்க வேண்டும். அடிக்கடி மறுபதிப்பு காணும் பாடநூல், அகராதி போன்றவற்றுக்குக் கோப்பாகக் கையில் இருக்கும் எழுத்துருவே பாதுகாப்பு. மின்னூலுக்கான உரிமம் பல நிறுவனங்களில் தனி விலை. அச்சுக்கு வாங்கியது அதற்குச் செல்லும் என்று எண்ணிவிட வேண்டாம்.

## அனுப்பும் முன் ஒரு சோதனை

எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும் பிடிஎஃப் முடிந்ததும் அக்ரோபேட்டில் ஆவணப் பண்புகளைத் திறந்து எழுத்துருப் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் அருகில் அது உட்பொதிந்ததா, பயன்பட்ட எழுத்துகள் மட்டும் உட்பொதிந்ததா என்று எழுதியிருக்கும். அப்படி எழுதாத பெயர் ஒன்று இருந்தாலும் அனுப்பாதீர்கள். டைப் 3 என்று ஏதாவது தென்பட்டால் வேரியபிள் எழுத்துரு நிலையாகாமல் போயிருக்கிறதா என்று தேடுங்கள். நீங்கள் பயன்படுத்தாத எழுத்துருவின் பெயர் இருந்தால், தமிழ்ப் பத்திக்குள் வந்த ஏதோ ஒரு குறி, பெரும்பாலும் எண்ணோ மேற்கோள் குறியோ, மாற்று எழுத்துருவில் விழுந்திருக்கிறது. அடுத்து, 'கொ', 'டு', 'ஸ்ரீ' மூன்றும் வரும் ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். குறிகள் இடம் மாறியோ குப்பையாகவோ வந்தால், அச்சு சரியாக விழுந்தாலும் அந்தப் பிடிஎஃப்பில் தேடல் வேலை செய்யாது.

பிறகு உரிமம் அனுமதித்தால் எழுத்துருக் கோப்பையும் அதன் பதிப்பு எண்ணையும் நூலின் கோப்புறைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். அதே பெயரில் வரும் அடுத்த பதிப்பில் இடைவெளி அளவுகள் மாறியிருக்கக்கூடும். மறுபதிப்பை வேறொருவர் எடுத்துச் செய்யும்போது எந்தக் கோப்பில் இந்தப் பக்கங்கள் அமைந்தன என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.